இருபத்தொன்பது பெருநாள் பூச்சு

சீனி முகம்மது எந்த நாற்காலியையும் முதலில் முகம் பார்த்ததில்லை. கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பார். முகத்தை எவனும் துடைத்து வைப்பான், அடியைத் துடைத்து வைக்க எவனுக்கும் புத்தி போகாது, ஆகவே உண்மை அடியில்தான் கிடக்கும் என்பது அவர் கட்சி.

பிஷப் தெருவில் ஓர் ஏலக்கடையில் அவருக்கு வேலை. பினாங்கில் லேலாங் கடை என்றால்தான் யாருக்கும் தெரியும். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான், நொடித்துப்போன சீனத் தவுக்கே முதலாளி வீட்டுச் சாமான், செத்தவர் வீட்டுச் சாமான் எல்லாம் அங்கே வந்து இறங்கும். கட்டில், மேசை, நாற்காலி எதுவானாலும் ஏலம் கூறுவதற்கு முன்னால் அதற்கு என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லவேண்டியது சீனியின் பொறுப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அங்கிருந்து இந்தக் கடைக்குச் சாமான் தூக்க வந்தவர். தோளில் தூக்கித் தூக்கி எந்தச் சாமான் எங்கே முனகும் என்று தெரிந்துகொண்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எழுத வராது. அதனால் பார்த்ததை உரக்கச் சொல்வார், கிராணி முனுசாமி அதை இங்கிலீஷில் எழுதிக்கொள்வார்.

"பின்கால் ஒண்ணு மாத்துனது. பிரம்பு புதுசு. கைப்பிடியில புழு, ஆனா செத்த புழு" என்று சீனி சொன்னால் அந்த நாற்காலியைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

சொல்லி முடித்ததும் அதில் உட்காருவார். இதுதான் சங்கதி. சீனியின் உடம்பு ஒன்றரை ஆள் உடம்பு. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, முழுப் பாரத்தையும் இறக்குவார். ஏலத்துக்கு முந்தின நாள் பின்கட்டில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நாற்காலி தாங்கினால் ஏலம் நடக்கும். நாளடைவில் ரோப் வாக் தெருப் பழஞ்சாமான் கடைக்காரர்கள்கூட, "சீனி உக்காந்ததா?" என்று கேட்டுத்தான் கையைப் பையில் விட்டார்கள். நல்ல நாற்காலி என்று அவர் சொன்னது ஒரே ஒரு தடவை உடைந்தது. விழுந்த இடத்தில் இருந்தபடியே முனுசாமியைப் பார்த்து, "நாற்காலி மேல தப்பில்ல, கிராணி. என் கண்ணு கோளாறு. அதையும் எழுதிக்குங்க" என்றார். கடை முதலாளி துரை சிரித்துவிட்டார். அன்றைக்குக் கூடியதுதான் சீனியின் மதிப்பு, குறையவில்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. பார்க்கிற கை பழுது நீக்கக்கூடாது என்பார். ஒரு காலை ஒட்டி வைத்துவிட்டு அதே காலை நல்ல கால் என்று கூவினால், பிறகு எவன் நம்புவான்? தச்சன் கூலி தருகிறேன் என்று எத்தனையோ பேர் ஆசை காட்டியும் ஓர் ஆணியைக்கூட அவர் அடித்ததில்லை. வீட்டில் சொந்தக் கட்டில் ஆடியபோதும் ஆள் வைத்துத்தான் சரிசெய்தார். மனைவி சபூரா அதைச் சொல்லிச் சொல்லிக் குத்துவாள்.

சாயம் பூசிய பழைய நாற்காலிதான் இந்த வேலையில் பெரிய தலைவலி. மரம் பொய் சொல்லாது, சாயம் சொல்லும். ஓட்டையை மூடும், ஒட்டை மறைக்கும், நேற்று பிறந்ததைக் கிழவனாகக் காட்டும். சீனி அதற்கென்றே இடது கட்டைவிரல் நகத்தை நீளமாக விட்டிருந்தார். நூறு வருஷத்துச் சாயம் வற்றிய குளத்துச் சேறு மாதிரி பொடிப்பொடியாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பின் மேல் நகத்தை ஓட்டினால் ஒரு நறநறப்பு, அதுதான் பழசுக்குச் சாட்சி. மற்றதெல்லாம் பிறகு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், நோன்பு பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சம்பந்தியம்மா கூப்பிடுகிறார் என்று மருமகன் யூசுப் வந்து நின்றான்.

மகள் சலேஹாவைக் கிங் தெருவில் யூசுபுக்குக் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம். அவள் அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். யூசுபின் தாயார் சித்தி ஆயிஷா. புருஷனை இழந்து ஆறு வருஷமாக ஒற்றைக் கையால் வீட்டை ஓட்டுகிற மனுஷி. மெலிந்த உடம்பு, மெலியாத நாக்கு. கல்யாணத்தன்று நெய்ச்சோற்றில் உப்பு குறைவு என்று கதவுக்குப் பின்னால் இருந்து அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு, அண்டாவையே திரும்ப அடுப்பில் ஏற்றினார்கள். எந்த நாற்காலிக்கும் பயப்படாத சீனி இந்த அம்மாளுக்குப் பயப்படுவார். மகளை அங்கே விட்டிருக்கிறாரே.

சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் போனார். சித்தி ஆயிஷா வழக்கம்போல உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். சுற்றி வளைக்கவில்லை. இந்த வருஷம் தன் தம்பி மீரா சாகிப் பெண்சாதியோடு ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறுகிறார். பெண்பிள்ளை தனியாகப் போக முடியாது. யூசுப் கடையையும் பிள்ளைத்தாய்ச்சியையும் விட்டுவிட்டு வரமாட்டான். தம்பிக்கும் வயசாகிவிட்டது, இன்னொரு தடவை போகப்போவதில்லை. ஆகவே தனக்கு ஹஜ் என்றால் அது இந்த வருஷம்தான். கையில் இருப்பது காணாது. வீட்டில் இருக்கும் விலைபெறும் பொருள் இந்த ஆறு நாற்காலிதான்.

போன மாதம் நார்த்தம் ரோட்டு பங்களா ஒன்றிலிருந்து பூப்போட்ட பழைய நாற்காலி இரண்டு லேலாங்குக்கு வந்து, சிங்கப்பூர்க்காரன் ஒருவன் கொடுத்த விலையில் கடையே வாயடைத்துப் போயிருந்தது. அந்தச் சேதி சலேஹா வழியாக இங்கே வந்துவிட்டது என்று சீனிக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்க மாமனார் ஒரு கப்பல் கேப்டன்கிட்ட வாங்குனது. அப்பவே பழசாம்" என்றார் சித்தி ஆயிஷா. "முதுகுல பறவையும் பூவும் இருந்துச்சாம். நான் கண்ணால பாத்ததில்ல. நான் வர்றப்பவே மேல சாயம் அடிச்சிருந்தாங்க."

ஆறு நாற்காலியும் கூடத்தில் பளபளவென்று பச்சையாக நின்றன. வாழைக்குருத்துப் பச்சை. சீனி ஒன்றைத் தூக்கியதுமே இது தேக்கு என்று தோளுக்குத் தெரிந்தது. கவிழ்த்தார். சட்டத்தின் அடியில் சாயம் வழிந்து உறைந்து ஒரு மணி மாதிரி தொங்கியது. அதை நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வரிவரியாக இருந்தது. பச்சை, நீலம், இலந்தைப்பழச் சிவப்பு, மறுபடியும் பச்சை, மஞ்சள். எண்ணிக்கொண்டே போனவர் இருபதுக்கு மேல் விட்டுவிட்டார்.

இது என்ன என்று கேட்டார். பதில் பெருமையோடு வந்தது. ஒவ்வொரு நோன்பிலும் கடைசிப் பத்தில், பெருநாளைக்கு வீடு புதுசாக இருக்கவேண்டும் என்று, தன் கையாலேயே சாயம் அடிப்பார். வாழ வந்த வருஷத்திலிருந்து போன வருஷம் வரை ஒரு பெருநாள் தப்பியதில்லை. இருபத்தொன்பது பெருநாள். புருஷன் இறந்த வருஷமும் அடித்தார், அந்த வருஷம் மட்டும் வெள்ளை.

"பெருநாளைக்கு வர்றவங்க எல்லாம், புது நாற்காலி வாங்கிட்டீங்களானு கேப்பாங்க" என்றார்.

சீனி அந்தச் சாய மணியை விரலில் உருட்டினார். பிறகு அவர் வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அதுதான் சம்மந்தி கோளாறு."

திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மாலையின் மணி உருளும் சத்தம் நின்றது. புதுசாக்கப் புதுசாக்கத்தான் இதன் விலை இறங்கியிருக்கிறது, பழசு வேண்டும் என்று வருகிற வெள்ளைக்காரி இந்தப் பச்சையைப் பார்த்தால் காப்பிக்கடை நாற்காலி என்று திரும்பிப் போய்விடுவாள் என்பதை எப்படிச் சொல்வது? பெண்சாதியிடம் என்றால் சொல்லிவிடலாம். சம்பந்தியிடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெழுகிச் சொன்னார். சொல்லிக்கொண்டே, கை சும்மா இருக்காமல் முதுகுப் பலகையின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார். இருபத்தொன்பது பெருநாளும் ஒன்றாகச் சேர்ந்து, பழுத்த பலாச்சுளைத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

கீழே கறுப்பு. மினுமினுக்கிற, பொடிப்பொடியாக வெடித்த கறுப்பு. அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கண். பறவையின் கண்.

பழைய வேலைக்காரன் பூவெழுதி முடித்ததும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் ஊற்றியிருந்தான். சித்தி ஆயிஷா வாங்கிய மலிவுச் சாயம் எதுவும் அந்த வழுக்கலைப் பிடிக்கவே இல்லை. மேலே மேலே ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. வெயிலையும் எண்ணெய்க் கையையும் அதுவே தாங்கியிருக்கிறது.

சித்தி ஆயிஷா திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சம்பந்தி முன்னால் அவர் அப்படி வந்து நின்றது அதுதான் முதல் தடவை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து, அந்தக் கண்ணையே பார்த்தார்.

"இத்தனை வருஷமா நான் இது கண்ணைப் பொத்திக்கிட்டா இருந்தேன்" என்றார் மெதுவாக.

சீனியே உரித்துத் தரவேண்டும் என்று கேட்டார். சீனி முடியாது என்றார். தன் பிடிவாதத்தைச் சொன்னார். யூசுப் முகம் சுருங்கியது. சொந்தத்துக்குக்கூடச் செய்யக் கூடாதா என்று முணுமுணுத்தான். சித்தி ஆயிஷா மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"அடிச்ச கை இருக்கு. அதுவே உரிக்கட்டும்."

சீனி வழி மட்டும் சொன்னார். இரும்பு ஆகாது, மாட்டுக்கொம்புக் கரண்டியின் முனையைத்தான் விடவேண்டும். தண்ணீர் கூடாது, சோடாக்காரம் கூடவே கூடாது. அவசரம் ஆகாது. ஒட்டின இடத்தை விட்டுவிட வேண்டும். நாற்காலியைப் பாயில் கிடத்தி, மேலே பாரம் போடாமல் செய்யவேண்டும்.

அந்த நோன்பு முழுவதும் கிங் தெரு வீட்டில் உரிக்கும் வேலை நடந்தது. வெளுக்கும் நேரத்துத் தொழுகை முடித்து உட்கார்ந்தால் மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் அந்த அம்மாள் எழுந்திருக்க மாட்டார் என்று சலேஹா வந்து சொல்வாள். இன்றைக்கு ஒரு ரோஜா வந்தது, இன்றைக்கு வால் வந்தது, இன்றைக்கு ஓர் இலை சாயத்தோடு போய்விட்டது, நோன்பு திறந்தும் மாமி சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்பாள். அந்த வருஷம் வீட்டில் பெருநாளைக்குச் சாயம் அடிக்கவில்லை. பெருநாளைக்குப் போனபோது நாற்காலிகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பார்க்கிறீர்களா என்று யூசுப் துணியைத் தூக்கப் போனான். சீனி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. பிஷப் தெருவில் பேச்சு எழும்பிவிட்டது. சீனியின் சம்பந்தி வீட்டுச் சாமான் வருகிறதாம், உட்கார்ந்து பார்ப்பாரா, படுத்தே பார்ப்பாரா என்று கேலி. அதில் முன்னால் நின்றவர் தரகர் ஜபருல்லா. சிங்கப்பூர் வியாபாரிக்கு வாங்குகிறவர். நல்ல மனுஷர்தான், சந்தேகம்தான் அவர் கைமுதல். வேறு யாரையாவது வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று சீனி துரையிடம் சொன்னார். துரை, வேறு யார் இருக்கிறார்கள் என்றார். அப்படியானால் வழக்கம்போல முந்தின நாள் பின்கட்டில் வைத்துப் பார்க்கமாட்டேன், ஏலத்தன்று கூடத்தில் எல்லார் கண் முன்னாலும்தான் கவிழ்ப்பேன், அதுவரை விரல்கூட வைக்கமாட்டேன் என்று சீனி சத்தியம் மாதிரி சொல்லிவிட்டார். துரைக்கு அது விளம்பரமாகப் பட்டது. சரி என்றார்.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஏலத்தன்று, சனிக்கிழமை காலையில் தெரிந்தது.

கூடம் நிறைந்திருந்தது. ரோப் வாக் ஆட்கள், ஒரு டாக்டரின் பெண்சாதியான வெள்ளைக்கார மிஸ்ஸி, ஜபருல்லா, சும்மா வேடிக்கை பார்க்க வந்த சூலியா தெருக்காரர்கள். வெளியே ஐந்தடி நடைபாதைக்கு அப்பால் ஒரு ரிக்‌ஷா நின்றது. முன்திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. உள்ளே சித்தி ஆயிஷா. அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஏலக்கூடத்துக்குள் வர முடியாது, காதாலாவது கேட்கவேண்டும் என்று வந்திருந்தார். கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

துணியை எடுத்தார்கள். யாரோ சீன மொழியில் ஏதோ சொன்னார், அது பாராட்டு என்று தெரிந்தது. கறுப்பு மேனி, முதுகுப் பலகையில் கொடிப்பூ மாலை, மாலையின் நடுவில் ஒன்றை ஒன்று பார்க்கும் இரண்டு பறவை. மிஸ்ஸி எழுந்து நின்று பார்த்தாள்.

சீனி முதல் நாற்காலியைக் கவிழ்த்தார். சம்பந்தி வீட்டுச் சாமான் என்பதாலேயே இரண்டு பங்கு குற்றம் பார்த்தார். ஓரத்தில் பச்சைச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எழுதுங்கள். பறவையின் வாலில் பூ வேலை அரை விரற்கடை போயிருக்கிறது, எழுதுங்கள். பிரம்பு பின்னல் பழசு இல்லை, எழுதுங்கள். முனுசாமியே நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிஸ்மில்லா. உட்கார்ந்தார். நாற்காலி ஒரு முனகல்கூட முனகவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஒரு முளை மாற்றியது தெரிந்தது, அதையும் சொன்னார். ஐந்தாவதில் சொல்லத் தேடியும் கிடைக்கவில்லை.

"தேடித் தேடிப் பாக்குறியே சீனி, சம்மந்தியம்மா சோறு போடலியா?" என்றார் ஜபருல்லா. கூடம் சிரித்தது. சீனியும் சிரித்தார். மனசு லேசாக இருந்தது. அந்த அம்மாளின் கை வேலை அப்படி. ஒரு மாதம் பட்டினியோடு உட்கார்ந்து, ஒரு பறவையின் கண்ணைக்கூடக் கீறாமல் எடுத்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே ஆறாவதைக் கவிழ்த்தார்.

பின்கால் சட்டத்தோடு சேரும் மூட்டில் நகத்தை ஓட்டினார். நறநறநற என்று போன நகம் ஓர் இடத்தில் சத்தமில்லாமல் வழுக்கியது.

திரும்ப ஓட்டினார். விரல் நீளத்துக்கு வெடிப்பே இல்லாத கறுப்பு. கிழவி முகத்தில் ஒரு துண்டு மட்டும் பிள்ளைக் கன்னம் மாதிரி. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் சூட்டுக்கு அது குழைந்தது. மூக்கைக் கொண்டுபோனார். தேன்மெழுகு. அதில் விளக்குக் கரி குழைந்திருக்கிறது. அடியில் மரம் பிளந்திருக்கிறது. உரிக்கும்போது முழங்காலைக் கொடுத்து அழுத்தியிருக்கவேண்டும். கடைசி நாற்காலி, கடைசி நாள், அவசரம். பிறகு பயம்.

கூடம் காத்திருந்தது. சீனி குனிந்தபடியே இருந்தார்.

சொன்னால், ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்த ஒரு விதவை மெழுகு போட்டு ஊரை ஏமாற்றப் பார்த்தாள் என்று மத்தியானத்துக்குள் சூலியா தெரு முழுக்கப் பரவிவிடும். அந்த வீட்டில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற தன் மகள் முகத்தில் யார் எப்படி விழிப்பார்கள்? பின்கட்டில் பார்த்திருந்தால் ஒரு சொல்லில் இந்த ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கலாம். சொந்த வாயால் அந்தக் கதவை அடைத்தாகிவிட்டது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் உட்காரவேண்டும். விழுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முன்பே விழுந்தவர்தான். ஒருவேளை விழாமல் தாங்கிவிட்டால்? அதுதான் பயமாக இருந்தது. தாங்கினால் அந்த மெழுகு காசாகும், காசு கப்பல் சீட்டாகும், அந்தச் சீட்டில் ஏறி அந்த அம்மாள் கஅபாவுக்கு முன்னால் போய் நிற்பார். தெரிந்து அனுப்பியவர் சீனி என்று ஆகும்.

நிமிர்ந்தார். வழக்கமான குரல் வரவில்லை, ஆனாலும் வெளியே ரிக்‌ஷா வரை கேட்கிற குரல்தான்.

"ஆறாவது. பின்கால் மூட்டுல பிளவு. விரல் நீளம். மெழுகும் கரியும் போட்டு மூடியிருக்கு. நான் உக்கார மாட்டேன். எழுதிக்குங்க."

முனுசாமியின் பேனா நின்றது. ஜபருல்லா இப்போது சிரிக்கவில்லை. முன்னால் வந்து, யார் மூடியது என்று கேட்டார். வாங்குகிறவனுக்குத் தெரியவேண்டாமா என்றார்.

"நாற்காலிக் கோளாறு பாக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் சீனி. "ஆள் கோளாறு பாக்க வேற ஒருத்தன் இருக்கான்."

ஜபருல்லா விடவில்லை. உரித்தவர்கள் யாரோ அவர்கள்தானே மூடியிருக்கவேண்டும், மற்ற ஐந்தில் எங்கெங்கே மெழுகு இருக்கிறதோ என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். மிஸ்ஸிக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்போது வெளியே இருந்து குரல் வந்தது. திரை விலகவில்லை. குரல் மட்டும்.

"நான்தான் மூடுனேன்."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் தெருப்பக்கம் திரும்பியது.

"என் முழங்கால் பட்டுப் பிளந்துச்சு. நானே மெழுகு வச்சேன். அவருக்குத் தெரியாது. மத்த அஞ்சுல ஒண்ணுமில்ல, வேணும்னா மறுபடியும் பாத்துக்குங்க. மக்கத்துக்குப் போற காசு. அதுல மெழுகு ஒட்ட வேணாம்."

பொது இடத்தில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை குரல் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யூசுப் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜபருல்லாதான் தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அந்த அம்மாள் சொன்னால் தனக்குப் போதும், மறுபடியும் பார்க்கத் தேவையில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். ஆறாவதை ஒதுக்கி வைத்துவிட்டு ஐந்தையும் துரை ஏலம் கூறினார். ஜபருல்லாவும் மிஸ்ஸியும் விடாமல் ஏற்றினார்கள். மிஸ்ஸிக்குப் போனது. ஆறாக இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும். ஆனாலும் கப்பல் சீட்டுக்குத் தேறியது. வழிச்செலவுக்கு மாமி கையிலிருந்து ஒரு ஜோடி வளையல் இறங்கியது என்று பின்னால் சலேஹா சொன்னாள்.

அன்றைக்குக் கூடம் காலியானதும் சீனி வெளியே வந்து பார்த்தார். ரிக்‌ஷா போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கிங் தெருவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சீனியும் அந்தப் பக்கம் போகவில்லை. பெரிய பள்ளிவாசலுக்குக்கூடச் சுற்றுவழியாகப் போனார். நாலு சுவருக்குள் சொல்லவேண்டியதை நாலு தெரு கேட்கச் சொல்லிவிட்டு இப்போது எதற்கு ஒளிகிறீர்கள் என்று சபூரா கேட்டாள். சோறு இறங்கவில்லை. அது அந்த வீட்டில் பெரிய செய்தி.

கப்பல் வெள்ளிக்கிழமை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். யாருடைய மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு போகக்கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சித்தி ஆயிஷா சலேஹாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சபூரா உள்ளே உட்காரவைத்தாள். சீனி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தார், எல்லாம் மறந்துவிட்டது.

"பொறுத்துக்கங்க சம்மந்தி" என்றார் சித்தி ஆயிஷா. அந்தக் குரலில் மிளகாய் இல்லை. "உங்களை மெழுகு மேல உக்கார வைக்கப் பாத்தேன்."

"நான் சொன்னதுக்கு நீங்களும் பொறுத்துக்கணும்" என்றார் சீனி.

"சொன்னதுக்கு எதுக்குப் பொறுக்கணும்? சொல்லாம உக்காந்திருந்தீங்கன்னா, அதைத்தான் பொறுத்திருக்க மாட்டேன். ரிக்‌ஷாவுல இருந்துகிட்டு, சொல்லிடட்டும் யா அல்லா, சொல்லாம விட்டுடட்டும் யா அல்லானு ரெண்டையும் கேட்டுக்கிட்டிருந்தேன். எதை அவன் எடுத்துக்கிட்டான் பாத்தீங்கல்ல."

சபூரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீனி இருமிக்கொண்டார்.

பிறகு சித்தி ஆயிஷா, மக்கத்தில் உங்களுக்காக என்ன துஆ கேட்கட்டும் என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சலேஹாவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கவேண்டும் என்றார் சீனி.

"அது உங்க மகளுக்கு. என் பேரப்பிள்ளைக்கு. அதை நீங்க சொல்லியா நான் கேக்கணும்? உங்களுக்குனு சொல்லுங்க."

சீனி யோசித்தார். ஊரார் சாமானில் எல்லாம் என்ன குறை என்று ஒரு நொடியில் சொல்கிறவருக்கு, தனக்கு என்ன குறை என்று ஒன்றும் தோன்றவில்லை. தெரியவில்லை என்றார்.

"யோசிச்சு வைங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை துறைமுக ஜெட்டியில் நிற்க இடமில்லை. பெர்லிஸிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்த மலாய்க்காரர்கள், மூட்டைகள், பாய்ச் சுருள்கள், அழுகை, பாங்கு சத்தம். சீனி தன் உடம்பாலேயே வழி உண்டாக்கிக்கொண்டு முன்னால் போனார். கப்பலின் தட்டில் மீரா சாகிப்புக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் மெலிந்த ஓர் உருவம் நின்றது. அவரைக் கண்டதும் அது கையை உயர்த்தி, என்ன என்பதுபோல விரலை விரித்து அசைத்துக் கேட்டது.

மூன்று நாள் யோசித்தும் சீனியிடம் ஒன்றே ஒன்றுதான் சேர்ந்திருந்தது. கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சம்மந்தி. நல்லபடியா திரும்பி வாங்க. எனக்குனா அதுதான்."

சுற்றி நின்ற கெடாக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தட்டில் நின்ற உருவம் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டியது.